பாதித் திரையில் முடிந்த வரி

அத்தியாயம் 11

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் ஜீஷான். துப்பறியும் கார்குழலியிடம் உதவியாளனாகச் சேர்ந்ததிலிருந்து அவன் வாங்கிய திட்டை மூட்டை கட்டினால் ராயபுரம் கூட்ஸ் ஷெட்டில் இடம் பத்தாது. அப்பேர்ப்பட்டவன் இன்றைக்குச் சாயங்காலம் கல்மண்டபத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வாயை விட்டுவிட்டுத் தன் கையை நொந்துகொள்ளப் போகிறான். அதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.

இப்போது அவன் திருவொற்றியூரில், ஒரு லாரி மெக்கானிக் ஷாப்புக்கு மேல் மாடியில், வால்டர் என்பவரின் சாஃப்ட்வேர் கம்பெனியில் நிற்கிறான். எண்ணூர் ரோட்டோரத்தில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிற கம்பெனி அது. பெரிய கிரேன் நகரும்போது அதன் வட்டத்துக்குள் ஆள் யாராவது நின்றால் சைரன் அலற வேண்டும், கிரேன் நிற்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அது அலறவில்லை. ரஷீது என்கிற தொழிலாளி அங்கேயே செத்துப்போனார்.

புரோகிராமை எழுதியவன் நோயல் என்றது கம்பெனி. நோயலும் மறுக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் நடமாடிவிட்டு, ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவனுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு அவன் மனைவி மெர்லின் கார்குழலியைத் தேடி வந்துவிட்டாள்.

வந்தவள் அழவில்லை. ரஷீதின் மனைவி மலிகாவும் அவளும் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்தவர்கள். ரஷீதை அந்த யார்டில் சேர்த்துவிட்டதே நோயல்தான். இப்போது மலிகா தண்டையார்பேட்டை வீட்டில், கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறாள், வெளியே வர மாட்டாள். மெர்லின்தான் போக வேண்டும், ஆனால் எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.

"என் வூட்டுக்காரரு 'தப்பு என்னுதுதான் மெர்லின்'னு சொல்லிட்டுத்தான் செத்தாரு," என்றாள் அவள். "அவரு பொய் பேசற ஆளு இல்ல. ஆனா இத மட்டும் என் மனசு நம்ப மாட்டேங்குது. அவருதான் கொன்னாரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. மலிகாவாண்ட போயி நான் ஏதாவது ஒண்ணு சொல்லணும்."

நாளைக் காலை தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகளின் விசாரணை. அதற்குள் பதில் வேண்டும்.

கார்குழலி ஒரு காலத்தில் காசிமேடு பக்கம் போலீசில் ஏட்டாக இருந்தவள். கம்ப்யூட்டரில் அவளுக்குத் தெரிந்தது சீட்டு விளையாட மட்டும்தான். ஜீஷானோ கம்ப்யூட்டர் டிப்ளமா படித்து, கொஞ்ச நாள் புரோகிராம் எழுதி, அது சோறு போடாததால் இவளிடம் வந்து சேர்ந்தவன். அதனால் அவன் படித்துச் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுவரில் லேமினேட் பண்ணிய இரண்டு தாள் தொங்கியது. அந்தக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவர்கள் எப்படி எழுத வேண்டும் என்கிற ஸ்டைல் கைடு. எழுதி வைத்தது நோயல்.

"இன்னாடா போட்டுகீது?"

"நல்லாத்தான் போட்டுகீறாரு. எதுக்குப் பேரு வச்சாலும் முழுசா வை, வாயால சொல்லிப் பார்த்தா சொல்ல வரணும். உன்ன கார்குழலின்னுதான் கூப்டணும், கேகேன்னு சுருக்கக் கூடாது. ஒரு பத்தியில ஒரு வேலதான். குறிப்பு எழுதினா 'இன்னா செய்யறேன்'னு எழுதாத, 'ஏன் செய்யறேன்'னு எழுது. அப்பறம் இது ஒண்ணு, எந்த வரியும் பாதித் திரையத் தாண்டக் கூடாது. கடைசியில இன்னா போட்டுகீறாரு தெரியுமாக்கா? படிக்கிறவங்களுக்கு மூச்சு முட்டக் கூடாதாம்."

இதில் பாதி உலகத்தில் எல்லோரும் வைத்திருக்கிற விதிதான் என்று ஜீஷான் விளக்கினான். புரோகிராமை எழுதுவது ஒருவன், அதைத் திருத்தப் போவது வேறொருவன். படிக்க வராத புரோகிராம் ஊசிப்போன சோறு. ஆனால் பாதித் திரை என்பது கொஞ்சம் அதிகம்தான். மற்ற இடத்தில் இதைப் போல இரண்டு பங்கு நீளம் விடுவார்கள்.

"அது அவனோட பிடிவாதம் மேடம்," என்றார் வால்டர். ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் சிலுவை போட்ட தங்கச் சங்கிலி, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. "நாங்க சிரிச்சோம். ஆனா நல்ல வேலைக்காரன், அதனால விட்டுட்டோம்."

வால்டர் மேஜைக் கம்ப்யூட்டரின் திரையைக் கார்குழலி பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பது போலத் தூரத்திலிருந்து பார்த்தாள். நோயல் எழுதிய பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளச் சொன்னாள். எல்லா வரியும் இடது பக்கமாக ஒதுங்கி, ஒல்லியாக, ஒழுங்காக நின்றது. கடைசியாக அந்தச் சைரன் பகுதி வந்தது.

"நிறுத்து. இது மட்டும் இன்னா, ஷேர் ஆட்டோவுல கால நீட்டிகினு குந்தினாப்ல கீது?"

ஒரே ஒரு வரி, திரையின் அந்தக் கோடி வரைக்கும் ஓடியிருந்தது. அதுதான் ரஷீதைக் கொன்ற வரி. ஆள் வட்டத்துக்குள் நின்றால், கிரேன் நகர்ந்துகொண்டிருந்தால், என்று தொடங்கிய அது, வாசலில் காத்திருக்கும் லாரி இருபதுக்குக் குறைவாக இருந்தால், என்று முடிந்தது. அதற்கு அடுத்த வரி, சைரன் அடி. வாசலில் இருபது லாரி சேர்ந்துவிட்டால், ஆள் நின்றாலும் சைரன் கிடையாது என்று அர்த்தம்.

"விதி போட்டவரே மீறுவாராக்கா?" என்று ஜீஷான் தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். அப்புறம் நிமிர்ந்தான். "மீற முடியாதே. இங்க ஒரு செக்கர் வச்சிகீறாங்க. விதிப்படி இல்லாத வரிய அது உள்ளயே வுடாது. ஃபுட்போர்டுல தொங்கறவன் மேல ஏறினாத்தான் விசில் கொடுப்பேன்னு நிக்கற கண்டக்டர் மாதிரி."

"அப்ப இது எப்படி ஏறிச்சு?"

ஜீஷான் தட்டிப் பார்த்தான். அந்த ஒரு தடவை மட்டும் செக்கரை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அணைக்கிற அதிகாரம் நோயலுக்குக் கிடையாது. முதலாளி பாஸ்வேர்டு போட்டால்தான் அது அணையும்.

கார்குழலி வால்டரை ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஏட்டம்மாவாக இருந்த காலத்துப் பழக்கம் அது. வால்டர் கொஞ்சம் குடித்தார், கொஞ்சம் சட்டையில் சிந்திக்கொண்டார், பிறகு சொல்லிவிட்டார்.

சைரன் அடித்து அடித்துக் கிரேன் நிற்கிறது, லாரி வரிசை மெயின் ரோடு வரைக்கும் போகிறது என்று யார்டிலிருந்து ஓயாமல் போன். நோயல் பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வேலை பார்ப்பான். வால்டரே தன் மேஜையில் உட்கார்ந்து, அங்கே நோயல் பெயரில் திறந்திருந்த கணக்கிலேயே, அந்த வரியின் வாலில் லாரிக் கணக்கைச் சேர்த்துவிட்டார். அதனால் பதிவில் நோயல் பெயர் விழுந்தது. நெரிசல் குறைந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தாராம்.

"ஆனா நான் திருட்டுத்தனமா பண்ணல மேடம்," என்றார். "அவனுக்கு அனுப்பினேன். 'சின்ன மாத்தம், ஒரு பார்வை பாரு'ன்னேன். அவன் சரின்னு சொன்னப்புறம்தான் யார்டுக்கு அனுப்பினேன்."

செல்போனை எடுத்து, ஒரு குரல் செய்தியைப் போட்டார். செத்தவனின் குரல் அறைக்குள் நிதானமாக வந்தது. "வால்டர், படிச்சாச்சு. ஒயுங்காத்தான் கீது. போட்டுக்கோ."

ஜீஷானுக்கு, நோயல் பழியிலிருந்து தப்பினான் என்று நினைத்த நேரத்தில் மறுபடி மாட்டிக்கொண்டானே என்று வருத்தமாக இருந்தது.

கார்குழலி வேறு ஒன்றைக் கேட்டாள். விபத்துக்கு அப்புறம் நோயல் இங்கே வந்தானா?

வந்தான் என்றார் வால்டர். நேராகத் தன் மேஜைக்குப் போனான். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அந்த வரியைப் பட்டனால் தள்ளித் தள்ளிக் கடைசி வரைக்கும் பார்த்தான். சட்டையைப் பிடிப்பான், அடிப்பான் என்று வால்டர் பயந்து மேஜைக்கு எதிர்ப்பக்கமே நின்றிருந்தார். அவன் சத்தமே போடவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "நான் எழுதினதாவே இருக்கட்டும் வால்டர், யாராண்டயும் எதுவும் பேசாத," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

"என்னைக் காப்பாத்தறான்னு நினைச்சேன்," என்று சொல்லும்போது வால்டர் அழுதுவிட்டார். ஜீஷானுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

நோயலின் மேஜைக் கம்ப்யூட்டரைப் போடச் சொன்னாள் கார்குழலி. திரை விழித்ததும் ஜீஷான் ஒரு அடி பின்னால் வந்தான். ஒவ்வொரு எழுத்தும் பஸ்ஸின் நெற்றியில் எழுதிய நம்பர் அளவுக்கு இருந்தது. அதே வரியைத் திறந்தான். கிரேன் நகர்ந்துகொண்டிருந்தால் என்பதோடு திரை முடிந்துவிட்டது. லாரிக் கணக்கு வலது பக்கத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிடந்தது. அடுத்த வரியில், சைரன் அடி. பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது.

"கண்ணு," என்றாள் கார்குழலி. "அவருக்குக் கண்ணு போய்கினு இருந்துகீது. இவ்ளோ பெருசா வச்சாத்தான் தெரியும், இவ்ளோ பெருசா வச்சா பாதித் திரை நீளந்தான் அடங்கும். அதான் அந்த விதி."

வால்டர் வாயைத் திறந்தபடி நின்றார். "எதிர்ல போனா குட் மார்னிங் சொல்ல மாட்டான் மேடம். திமிருன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றார்.

தெரிந்தால் வேலை போய்விடும் என்று நோயல் வெளியே சொல்லவில்லை, இவர்களும் பார்க்கவில்லை. காலையில் விசாரணையில் வால்டரே எழுந்து சொல்ல வேண்டும் என்று கார்குழலி கறாராகச் சொன்னாள். சொல்லாவிட்டால் ஜீஷான் எடுத்து வைத்திருக்கும் நகல் பேசும். வால்டர் தலையாட்டினார். இத்தனை நாள் சுமந்ததே போதும் என்கிற மாதிரி இருந்தது அவர் ஆட்டிய விதம்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது மணலிப் பக்கத்துக் காற்று வழக்கமான வாடையோடு அடித்தது. ஜீஷான் உற்சாகமாக இருந்தான். கேஸ் முடிந்தது, எழுதியது வால்டர், நோயல் கண்ணுக்கு அது தெரியவே இல்லை, மெர்லின் நிம்மதியாக மலிகா வீட்டுக்குப் போகலாம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓட்டியபடி, தனக்குச் சம்பளம் ஏற்ற இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்றான்.

பின்னால் உட்கார்ந்திருந்த கார்குழலி டோல்கேட் தாண்டியதும் கேட்டாள்.

"செய்யாத தப்ப ஒரு ஆளு ஏன்டா ஒத்துகினு போவான்?"

"யாரையோ காப்பாத்தத்தான்."

"வால்டரையா?"

"வால்டரக் காப்பாத்த அவருக்கு இன்னா தலையெழுத்து," என்று சொன்ன ஜீஷான், அதற்கு மேல் யோசிக்காமல் விட்டுவிட்டான். அன்றைக்கு அவன் செய்த முதல் தப்பு அதுதான்.

"மெர்லின் வூட்ல நாந்தான் பேசுவேன். நீ கம்முனு குந்திகினு இரு," என்றாள் கார்குழலி. வழக்கமான திட்டுதானே என்று அவன் சரி என்றான்.

கல்மண்டபத்து வீட்டில் நோயலின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மெர்லின் டீ போட்டுக் கொடுத்தாள். கார்குழலி சுருக்கமாகச் சொன்னாள். அந்த மாற்றத்தை எழுதியது வால்டர். நாளைக்கு அவரே ஒத்துக்கொள்வார். உன் வீட்டுக்காரர் எழுதவில்லை, கொல்லவில்லை.

மெர்லின் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் வந்தது. கார்குழலி அவளை அழவிட்டாள். பிறகு மெர்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள்.

"விதிய வச்சித்தான்," என்று முந்திக்கொண்டான் ஜீஷான். கார்குழலி அவன் காலை மிதித்தாள். டீபாய்க்குக் கீழே இடம் போதவில்லை போலிருக்கிறது என்று அவன் காலை நகர்த்திக்கொண்டான். நோயலுடைய பாதித் திரை விதியைப் பற்றியும், அந்த நீள வரியைப் பற்றியும் உற்சாகமாகச் சொல்லி, இந்த வீட்டு லேப்டாப்பில்கூடக் காட்டலாம் என்று நோயலின் லேப்டாப்பைத் திறந்து அந்த வரியை எடுத்தே விட்டான். இங்கேயும் அதே பெரிய பெரிய எழுத்து.

மெர்லின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "அந்த விதியெல்லாம் என்னாலதான் தம்பி வந்துது," என்றாள்.

கண் போய்க்கொண்டிருப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியுமாம். போன வருஷத்திலிருந்து இந்தப் பெரிய எழுத்துகூட அவனுக்குக் கலங்கலாகிவிட்டது. ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தால் தலைவலி மண்டையைப் பிளக்கும். அதனால் தினமும் சாயங்காலம் மாதா கோயில் மணி அடிக்கிறதுக்கு முன்னால் இருவரும் இப்படி உட்காருவார்கள். அவள் இங்கிலீஷ் மீடியத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். அவள் வாய்விட்டுப் படிப்பாள், அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். முதலில் சுருக்கி எழுதிய பெயர்களையெல்லாம் படிக்க வராமல் அவள் தடுமாறினாள். அவன் பெயர்களை முழுசாக மாற்றினான். நீள வரியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் வரியைக் குறைத்தான், அவள் மூச்சுக்கு ஒரு வரி. பிறகு அதையே கம்பெனி முழுக்க விதியாக்கிவிட்டான்.

"எனக்கு ஒண்ணும் புரியாது. படிப்பேன், அவ்ளோதான். அவருக்குப் புரிஞ்சிடும்," என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஜீஷானுக்கு அப்போதுதான் காலை மிதித்தது ஏன் என்று பட்டது. லேப்டாப்பை மூடக் கையைக் கொண்டுபோனான். மெர்லின் அதற்குள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இதுவா? இது நாந்தான் படிச்சேன். ஞாபகம் கீது, அன்னிக்கு வால்டர் சார் அவசரம்னாரு." அவள் விரலைத் திரைமேல் வைத்து, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போலச் சத்தமாகப் படித்தாள். "இஃப், பர்ஸன் இன்சைட் ஜோன், அண்ட் கிரேன் இஸ் மூவிங்." திரை முடிந்தது. விரல் தானாக அடுத்த வரிக்கு இறங்கியது. "சைரன் ஆன்."

நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். "ஒயுங்காத்தானே கீது? அப்புறம் ஏன் அடிக்கல?"

ஜீஷான் கையில் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. பொய் சொல்லிவிடு அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினான். ஆனால் பொய் சொன்னால் அது ஒரு ராத்திரிக்கு மட்டும்தான் தாங்கும். காலையில் இதே வரியை முழு நீளத்துக்கும் அத்தனை பேர் முன்னால் படிப்பார்கள், மெர்லின் அங்கே உட்கார்ந்திருப்பாள். கார்குழலி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெர்லினின் விரலைப் பிடித்து, வலது அம்புக்குறி பட்டன்மேல் வைத்து, மெதுவாக அழுத்தினாள். வரி நகர்ந்தது.

"அண்ட்," என்று படித்தாள் மெர்லின். "ட்ரக்ஸ் வெயிட்டிங்... லெஸ் தேன்... ட்வென்டி."

புரோகிராம் புரியாதவள்தான். இது புரிந்துவிட்டது.

"எந்த வரியும் அந்தாண்ட போவாதே," என்றாள். "அவரு போவ வுட்டதே இல்லியே."

கார்குழலி அவள் கையை விடவில்லை. விதியை மீறியது வால்டர், நீயில்லை, இந்த ஊரில் யார் படித்திருந்தாலும் அங்கேதான் நிறுத்தியிருப்பார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எல்லாம் உண்மைதான். மெர்லின் காதில் அது விழவில்லை. அவள் நோயலின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிச்சா மெர்லின்னு கேட்டாரு. முடிஞ்சிதுன்னேன்." குரல் அப்போதுதான் உடைந்தது. "அவருக்குத் தெரிஞ்சிகீது. எல்லாம் தெரிஞ்சிதான் தப்பு என்னுதுன்னு சொல்லிகீறாரு. எம் மேல வந்துடக் கூடாதுன்னு நெஞ்சுக்குள்ளயே வச்சிகினு செத்துகீறாரு."

கோயிலில் சாயங்கால மணி அடித்தது. வழக்கமாக அவர்கள் படித்து முடிக்கிற நேரம். ஜீஷான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுவதை அக்கா பார்த்தாள், கேலி செய்யவில்லை.

மணி ஓய்ந்ததும் மெர்லின் எழுந்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு மார்போடு பிடித்துக்கொண்டாள்.

எங்கே என்று கார்குழலி கேட்டாள்.

"தண்டையார்பேட்டைக்கு. தம்பி மட்டும் வாசல்லயே நின்னுக்கட்டும், அவ இத்தாவுல கீறா, ஆம்பள உள்ள வரக் கூடாது."

"அங்க போயி இன்னா சொல்லப் போற?"

"ஒண்ணும் சொல்லப் போறதில்லக்கா," என்றாள் மெர்லின். "படிச்சிக் காட்டப் போறேன். இந்தத் தடவ கடைசி வரைக்கும்."

ஜீஷான் ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போய், அவளுக்கு ஆட்டோ பிடித்து வந்தான்.